அம்மாவின் நேர்ச்சையும் மகனின் அழைத்தலும்

கேள்வி: எனக்கு 26 வயது. சென்னையில் மென்பொருள் வேலை. கைக்குழந்தையாக நிமோனியாவில் கிடந்தபோது, நான் பிழைத்தால் சாமியாராக்குவதாக அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். ஓராண்டாக எனக்கே குருத்துவத்தின் மேல் ஆசை வருகிறது. இது கடவுள் அழைப்பா, அம்மாவின் குரலா? கல்விக் கடன் வேறு பாக்கி இருக்கிறது.

பதில்: தம்பி, முதலில் அந்த நேர்ச்சையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 1193) சொல்கிறது. அம்மா நேர்ந்தது உங்களைக் கட்டாது. அவருக்கு மனம் உறுத்தினால் பங்குத்தந்தையைப் பார்க்கட்டும். நியாயமான காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. குருப்பட்டம் பெறும்படி எவரையும், எந்தக் காரணத்துக்காகவும் வற்புறுத்தக் கூடாது என்கிறது 1026-ஆம் சட்டம். பட்டத்துக்கு முன்பு, ‘என் சொந்த விருப்பத்தோடு, சுதந்திரமாகப் பெறுகிறேன்’ என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை அம்மா எழுதித் தர முடியாது.

அதற்காக, அம்மா விதைத்த ஆசை என்பதாலேயே அதைப் பொய் என்று தள்ளிவிடவும் வேண்டாம். விவிலியத்தில் வரும் சாமுவேலும் அவன் தாய் அன்னா நேர்ந்துகொண்ட பிள்ளைதான். ஆனால் இரவில் பெயர் சொல்லி அழைத்த குரலுக்கு அவனே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன் மூன்று முறை ஆள் தெரியாமல் குரு ஏலியிடம் ஓடினான்.

உங்கள் ஆசை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வேலை கசக்கும் வாரத்தில் பொங்கி, சம்பளம் ஏறியதும் வடிந்துவிட்டால் சந்தேகப்படலாம். எல்லாம் நன்றாகப் போகும் நாளிலும், திருப்பலி முடிந்து அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும், நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் அது தங்கியிருந்தால் மதியுங்கள். மனம் இருண்டு வறண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் விதி. அவர் சொன்ன இன்னொரு பயிற்சி உங்களுக்கென்றே செய்தது போலிருக்கும்: முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலைமையோடு வந்தால் அவருக்கு என்ன யோசனை சொல்வீர்கள்? அவருக்கு நேர்ச்சை செய்த அம்மா இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணத்தைப் பற்றியும் நேர்மையாக யோசியுங்கள். குடும்ப வாழ்வு மீது வெறுப்போ பயமோ இருப்பது மணத்துறவுக்குத் தகுதி ஆகாது. நல்லதென்று தெரிந்தே அதை விட்டுக்கொடுப்பதுதான் மணத்துறவு. ‘குருவானால்தான் புனிதமாக வாழலாம்’ என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்ற நம் தேவசகாயம் மணமானவர், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர்.

குருமடத்தில் சேர்வதே முடிவு அல்ல; இது கடவுளின் அழைப்புதானா என்று தேர்ந்து தெளிவது அங்கேதான் சூடுபிடிக்கிறது. தொடக்கப் பயிற்சி ஓராண்டாவது இருக்கும். பிறகு மெய்யியல் 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு என்பது குறைந்தபட்சக் கணக்கு; இடையில் களப்பணியும் வரும். உங்களுக்கு முப்பத்தைந்தை நெருங்கிவிடும். அதற்குள் நீங்களும் விலகலாம், ஆயரோ பயிற்சியாளர்களோ ‘இது உங்கள் பாதை இல்லை’ என்றும் சொல்லலாம். குருமடத்தை விட்டு வந்த பையனை ஏதோ குற்றம் செய்தவனைப் போலப் பார்க்கும் பழக்கம் நம் பங்குகளில் இன்னும் போகவில்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்து உள்ளேயே தங்கிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

மறைமாவட்டமா, துறவற சபையா என்பதை இப்போதே முடிவு செய்யத் தேவையில்லை. இரண்டின் இறையழைத்தல் முகாமுக்கும் போய்ப் பாருங்கள்.

வேலையை விட வேண்டாம். அடைக்க முடியாத கடன் உள்ளவர்களை நவதுறவகத்தில் (துறவற சபையின் தொடக்கப் பயிற்சி இல்லம்) சேர்க்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது; மறைமாவட்டத்திலும் கட்டாயம் கேட்பார்கள். கடனை அடைக்கும் வரை மாதம் ஒருமுறை ஓர் ஆன்ம வழிகாட்டியைச் சந்தியுங்கள். அவர் உங்கள் பங்குத்தந்தையாகவே இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் சாப்பிட்டுப் பழகிய ஃபாதராக மட்டும் இருக்க வேண்டாம்.