கடை வாடகை மிச்சமா? ஆன்லைன் விற்பனை பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

ஆன்லைன் விற்பனை பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், ஆன்லைன் ஷாப்பிங்கைத் தொடங்கியது அமேசான்தானே? (கல்லூரி மாணவர்)

இல்லை. அமேசான் புத்தகம் விற்க ஆரம்பித்தது 1995 ஜூலையில். அதற்கு முன்பே, 1979இல், இங்கிலாந்தில் மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் டிவியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஆர்டர் எடுக்கலாம் என்று செய்து காட்டினார். 1984இல் கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயதுப் பாட்டி ஒருவர், வீட்டு டிவியின் ரிமோட்டை வைத்தே டெஸ்கோ கடைக்கு ஆர்டர் போட்டுவிட்டார். இன்டர்நெட் என்ற பேச்சே வீடுகளில் இல்லாத காலம் அது.

அமேசான் ஏன் புத்தகத்தில் தொடங்கியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. புத்தகத்துக்குச் சைஸ் பிரச்சினை இல்லை, போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, எங்கே வாங்கினாலும் அதே புத்தகம்தான். வெளிவந்த புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கி வைக்கிற அளவுக்குப் பெரிய கடையை யாராலும் கட்டவும் முடியாது. உங்கள் பொருள் ஆன்லைனில் போகுமா என்று பார்க்க, இதே விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்படியென்றால் வளர்வதற்கு ஏன் இத்தனை வருடம் ஆனது? கம்ப்யூட்டர் விலை அதிகமாக இருந்ததாலா?

அதுவும் ஒரு காரணம். ஆனால் பெரிய தடை பயம். முகம் தெரியாதவனிடம் கார்டு நம்பரைக் கொடுப்பதா, பணம் போய்ப் பொருள் வராவிட்டால் யாரைப் பிடிப்பது? இந்தப் பயத்தை ஒவ்வொரு இழையாகப் பிரித்தெடுத்த கதைதான் ஆன்லைன் வியாபாரத்தின் வளர்ச்சி. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் கொண்டுவந்த குறியாக்க முறை, கார்டு நம்பரை வழியில் யாரும் படிக்க முடியாதபடி செய்தது. 1995இல் தொடங்கிய ஈபே என்ற ஏலத் தளத்தில் விற்பவரும் வாங்குபவரும் அந்நியர்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்கிற வழக்கம் அங்கே பரவியது. இன்று நாம் பார்க்கிற ஸ்டார் ரேட்டிங்குக்கு அதுதான் மூத்த அண்ணன். சீனாவில் 2004இல் வந்த அலிபே என்ற பணம் செலுத்தும் சேவை இன்னும் ஒரு படி மேலே போனது. வாங்குபவர் கொடுத்த பணத்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொண்டு, பொருள் சரியாக வந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகே விற்றவருக்கு விடுவித்தது.

அப்புறம் ஸ்மார்ட்போன் வந்தது. 2020இல் கொரோனா, கடைக்குப் போக நினைத்தவர்களையும் போனைத் திறக்க வைத்தது. ஏழு நாடுகளின் கணக்கைத் தொகுத்து ஐ.நா.வின் வர்த்தக அமைப்பு வெளியிட்ட அறிக்கைப்படி, சில்லறை விற்பனையில் ஆன்லைனின் பங்கு அந்த ஒரே வருடத்தில் 16 சதவீதத்திலிருந்து 19 ஆனது. திருப்பிப் பார்த்தால், அந்த வருடத்தில்கூட ஐந்தில் நான்கு பங்கு வியாபாரம் நேரில்தான் நடந்திருக்கிறது.

கேள்வி: நன்றாக ஓடுகிற கடை வைத்திருப்பவர்களும் ஏன் ஆன்லைனுக்கு வருகிறார்கள்?

வாங்குகிறவர் முதலில் தேடுவது போனில்தான். அங்கே உங்கள் பெயர் வரவில்லையென்றால் உங்கள் கடை இருப்பதே அவருக்குத் தெரியாது.

இன்னொன்று, ஓடாத சரக்கு. பழைய மாடல் கேமரா ஒன்றின் பேட்டரி மூடி உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் நகம் அளவு பிளாஸ்டிக். அது உடைந்த ஒருவர் உங்கள் தெருவில் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் எங்கோ ஒருவர் அந்த மாடல் நம்பரை எழுத்துக்கு எழுத்து டைப் செய்து தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு அது கிடைத்தால் போதும், பேரம்கூடப் பேச மாட்டார். கடையில் தூசி படிகிற பொருளுக்கு ஆன்லைனில் ஆள் இருக்கிறார்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் சொல்வதில்லை. நேரில் வந்து, பார்த்து, வாங்காமல் போனவர் எதைத் தேடினார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. ஆன்லைனில் அது பதிவாகிறது. அடுத்து என்ன ஸ்டாக் எடுப்பது என்பதை ஓரளவு அதுவே சொல்லிவிடும்.

கேள்வி: அக்கா, கடை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை. அப்போ லாபம் அதிகம்தானே? (கைப்பை தைத்து விற்பவர்)

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். வாடகை மறையவில்லை, வேறு பெயரில் வருகிறது. கணக்காகவே போடுவோம். எண்கள் என் கற்பனைதான், உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள்.

பையின் விலை 100. செய்ய ஆகும் செலவு 45, அமேசான் போன்ற விற்பனைத் தளத்தின் கமிஷன் 15, கூரியர் 12, பேக்கிங் 3, விளம்பரம் 10. மிச்சம் 15. பத்து பை விற்றால் 150. பரவாயில்லையே என்று தோன்றும். இப்போது பத்தில் ஒன்று ரிட்டர்ன் ஆகிறது. கமிஷனைத் தளம் திருப்பித் தந்துவிடுகிறது, பையும் நல்லபடியாக வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் போக வர கூரியர் 24, பேக்கிங் 3, விளம்பரம் 10, ஆக 37 போச்சு. ஒன்பது பையில் வந்த 135இல் அதைக் கழித்தால் 98. இரண்டு திரும்பினால் 46. மூன்று திரும்பினால் ஆறு நஷ்டம்.

அதனால் விற்பனையைக் கூட்டுவதற்கு முன்னால் ரிட்டர்னைக் குறையுங்கள். பையின் நீள அகலத்தை எழுதினால் மட்டும் போதாது. ஒருவர் தோளில் மாட்டி நிற்கிற படமும், உள்ளே ஒரு லேப்டாப் வைத்த படமும் போடுங்கள். "படத்தில் பெரிதாகத் தெரிந்தது" என்று திரும்புகிற பைகள் குறையும்.

உங்களுக்கே இன்னொன்று. பெட்டி பெரிதாக இருந்தால் கூரியர்காரர்கள் எடையைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறார்கள். பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 40, 30, 20 பெட்டி என்றால் 4.8 கிலோ. உள்ளே இருப்பது ஒரு கிலோ பையாக இருந்தாலும் பில் அந்த 4.8 கிலோவுக்குத்தான். பையைத் தட்டையாக மடித்து அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: பெரிய தளத்தில் விற்பதா, சொந்தமாக வெப்சைட் வைப்பதா?

பெரிய தளத்தில் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அமேசான் 2000இல் வெளி வியாபாரிகளைப் பெரிய அளவில் உள்ளே விட்டது. இன்று அங்கே விற்கும் பொருள்களில் பாதிக்கு மேல் அவர்களுடையவை. ஆனால் அங்கே வாங்குபவர் தளத்தின் வாடிக்கையாளர், உங்களுடையவர் இல்லை. பொருள் யாருடையது என்றுகூட அவர் பார்த்திருக்க மாட்டார். கமிஷனை நாளைக்கே ஏற்றினாலும் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. சொந்த வெப்சைட்டில் வாடிக்கையாளர் உங்களுடையவர், ஆனால் அவரை அழைத்து வருவது உங்கள் வேலை, உங்கள் செலவு. என் அபிப்பிராயம்: முதல் ஆர்டர்களுக்குப் பெரிய தளம், திரும்பி வருகிறவர்களுக்குச் சொந்தத் தளம். இரண்டாவதை ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமலே போய்விடுகிறார்களே?

எல்லாருக்கும் அப்படித்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி சுமார் 70 சதவீதம். பலர் சும்மா பார்க்க வந்தவர்கள், விடுங்கள். மற்றவர்களை விரட்டுவது கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கிற டெலிவரி கட்டணம். அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இன்னும் பத்து வருடத்தில் நேரடிக் கடைகளே இருக்காதா?

1990களின் கடைசியிலும் இதையேதான் சொன்னார்கள். சொன்ன வேகத்தில், வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை ஆன்லைனில் விற்ற பெட்ஸ்.காம் 2000இலும், மளிகை விற்ற வெப்வான் 2001இலும் மூடின. கனமான, லாபம் குறைந்த பொருளை வீடு வீடாகக் கொண்டுபோகிற செலவு அவர்களை விழுங்கிவிட்டது. மறுபக்கம், அமேசானே 2015இல் நேரடிப் புத்தகக் கடை திறந்து பார்த்து, 2022இல் அவற்றை மூடுவதாக அறிவித்தது. தொட்டுப் பார்த்தே வாங்க வேண்டிய பொருளுக்கும், இந்த நிமிஷமே வேண்டும் என்கிற பொருளுக்கும் கடை இருக்கும். எங்கும் ஒரே மாதிரி கிடைக்கிற பொருளை விலையை மட்டும் நம்பி விற்கிற கடைக்குத்தான் சிரமம். ஆன்லைனிலும் அவர்களுக்கு அதே சிரமம்தான்.