முகத்தை வைத்துத் தேடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஒரு முகப் படத்தைக் கொடுத்தால் அதே முகம் உள்ள மற்ற படங்களை இணையத்தில் தேடித் தரும் முகத் தேடல் கருவிகளைப் பற்றித்தான். எழுதியவர்கள் எல்லோருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். போடவில்லை. செய்திப் படங்களைச் சரிபார்ப்பதுதான் என் அன்றாட வேலை என்பதால், கையில் வைத்துப் பழகிய கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: என் படத்தைப் போட்டு யாரோ வேறு பெயரில் கணக்கு வைத்திருக்கிறார்கள். தோழி சொல்லித்தான் தெரிந்தது. இன்னும் எங்கெல்லாம் என் படம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்ட வேண்டுமா?

உங்கள் பதற்றம் புரிகிறது. முதலில் அந்தப் போலிக் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கத்தின் முழு முகவரியும் தேதியும் அதில் தெரிய வேண்டும். புகார் கொடுத்ததும் பக்கம் மறைந்துவிடலாம்; ஆதாரமும் அதோடு போய்விடும்.

அப்புறம் தேடல். நீங்கள் போட்ட அதே படத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் முகத் தேடலே தேவையில்லை. டின்ஐ போதும். ஒரு படத்தின் நகல்களை இணையத்தில் தேடித் தரும், 2008 முதல் இருக்கும் கருவி, இலவசம். படத்தை வெட்டியிருந்தாலும், அளவை மாற்றியிருந்தாலும் கண்டுபிடிக்கும். பழைய படம் முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். டின்ஐ எதை முதலில் கண்டது என்பதுதான் அந்த வரிசை; எது முதலில் வெளியானது என்பதற்கு அது ஒரு குறிப்பு மட்டுமே. ஆனால் அதற்கு முகம் என்றால் என்னவென்றே தெரியாது. அதே ஆள் வேறு சட்டையில் நிற்கும் இன்னொரு படத்தைக் காட்டாது.

உங்களுக்கே தெரியாத வேறு படங்கள் சுற்றுகின்றனவா என்று பார்க்கத்தான் பிம்ஐஸ், ஃபேஸ்செக் ஐடி என்ற முகத் தேடல் கருவிகள். 2017இல் போலந்தில் தொடங்கிய பிம்ஐஸ் செய்தித் தளங்கள், வலைப்பூக்கள், நிறுவனப் பக்கங்கள் போன்ற திறந்த இணையத்தைத் துழாவுகிறது. சமூக ஊடகங்களைத் தொடுவதில்லை என்று சொல்கிறது. ஃபேஸ்செக் ஐடி சமூக ஊடகக் கணக்குகளையும் தேடுவதாகச் சொல்கிறது. அதனால் போலிக் கணக்கு தேடுகிறவருக்கு இரண்டாவதும், தன் படம் எந்த இணையதளத்தில் ஏறியிருக்கிறது என்று பார்க்கிறவருக்கு முதலாவதும் பொருந்தும். இலவசத் தேடலில் ஏதோ கிடைத்திருக்கிறது என்பது தெரியும். எந்தப் பக்கம் என்று பார்க்கப் போனால் பணம் கேட்பார்கள். உடனே கட்டிவிடாதீர்கள். டின்ஐ, கூகுளின் படத் தேடலான லென்ஸ், ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸ் மூன்றிலும் தேடி முடித்த பிறகும் தேவை இருந்தால் மட்டும் யோசியுங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: கூகுளில் என் முகத்தைப் போட்டால் என்னை விட்டுவிட்டு என் சட்டையைத் தேடுகிறது. ஏன்?

அவர்கள் வேண்டுமென்றே வைத்த எல்லை அது. முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் நுட்பத்தைத் தாங்கள் உருவாக்கிய பிறகும் நிறுத்தி வைத்ததாக, கூகுளின் தலைமைப் பொறுப்பில் இருந்த எரிக் ஷ்மிட் 2011இலேயே சொன்னார். யாண்டெக்ஸ் அப்படியில்லை, முகச் சாயலையும் பார்க்கிறது. அதனால் சாதாரண ஆட்களின் படங்கள் அதில் அதிகம் சிக்கும். கூடவே அச்சு அசலாக உங்களைப் போலவே இருக்கும் அந்நியர்களும் வரிசையாக வருவார்கள்.

கேள்வி: இணையத்தில் அறிமுகமான ஒருவர் ஒரு மாதமாகப் பேசுகிறார். இப்போது அவசரம் என்று பணம் கேட்கிறார். அவர் அனுப்பிய படம் அவருடையதுதானா என்று பார்க்க முடியுமா?

படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் அனுப்பாதீர்கள்.

இனி படம். முகமும் தோளும் மட்டும் தெரியும்படி வெட்டி, யாண்டெக்ஸிலும் டின்ஐயிலும் போடுங்கள். பிறகு அதே படத்தை இடம் வலமாகத் திருப்பி இன்னொரு முறை போடுங்கள். திருடிய படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டுத் தேடலை ஏமாற்றுவது பழைய தந்திரம். வேறு பெயரில் அதே படம் கிடைத்தால் விஷயம் முடிந்தது.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்தான் கவனம் வேண்டும். நிறையப் பேர் இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். பூட்டிய கணக்கிலிருந்து எடுத்த படமும் தேடலில் வராது, செயற்கை நுண்ணறிவு வரைந்த முகமும் வராது. அந்த முகத்துக்கு உலகில் ஆளே கிடையாது, பிறகு எப்படிக் கிடைக்கும்? வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள். முகத்துக்குக் குறுக்கே கையை மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். இன்றைய போலி வீடியோக்களில் பல அந்த இடத்தில் தடுமாறும். தடுமாறாவிட்டாலும் பணம் அனுப்பலாம் என்று அர்த்தமில்லை.

கேள்வி: ஒரு கருவி 85 மதிப்பெண் காட்டியது. அப்படியென்றால் 85 சதவீதம் அவர்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. கருவி முகத்தை எண்களின் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகம் என்பது 128 எண்கள்தான். இரண்டு வரிசைகள் எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்பதைத்தான் மதிப்பெண் சொல்கிறது. அது சாயலின் அளவு மட்டுமே. கோடிக்கணக்கான முகங்களுக்குள் தேடும்போது உங்களைப் போன்ற சாயலில் யாராவது ஒருவர் இருந்தே தீருவார்.

2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் போலீஸார் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை மனைவி, மகள்கள் கண்ணெதிரே கைது செய்தார்கள். திருட்டு நடந்த கடை ஒன்றின் கண்காணிப்புக் கேமரா படத்தோடு அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படம் பொருந்துவதாகக் கருவி சொல்லியிருந்தது. திருடியவர் அவரில்லை. போலீஸாரே இப்படி நம்பினார்கள் என்றால், கைபேசியில் பார்க்கும் நாம் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்!

நான் இரண்டு படங்களை ஒப்பிடும்போது முதலில் காதைத்தான் பார்ப்பேன். காதின் உள்மடிப்பும், மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்பதும் ஒப்பனையில் மாறாது. பிறகு மச்சம், தழும்பு, பல்வரிசை. இதில் ஒரு எச்சரிக்கை: செல்ஃபி எடுக்கும் கேமராக்கள் சில படத்தைத் திருப்பிச் சேமிக்கும். இடது கன்னத்து மச்சம் வலது பக்கம் தெரியும். அதை வைத்து வேறு ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வகிடும் சட்டைப் பொத்தானும் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

கேள்வி: பேருந்தில் தினமும் பார்க்கும் ஒரு பெண்ணின் பெயரை எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கருவி?

சொல்ல மாட்டேன். அவருடைய பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். தெரியாமல் எடுத்த படம் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

கேள்வி: போலீஸ் பயன்படுத்தும் கிளியர்வியூ என்ற முகத் தேடல் கருவி நமக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. கேட்காமலேயே எல்லோர் படங்களையும் சமூக ஊடகங்களிலிருந்து அள்ளியதற்காக நெதர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் அந்த நிறுவனத்துக்கு 3.05 கோடி யூரோ அபராதம் விதித்தது.

கேள்வி: இந்தத் தேடல்களில் என் முகமே வராமல் செய்ய வழி உண்டா? என் பழைய அந்தரங்கப் படம் ஒன்று வெளியே போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பயந்து ஒதுங்காமல் கேட்டதற்கு நன்றி. படத்தைப் பரப்புகிறவர்தான் தப்புச் செய்கிறவர், நீங்கள் இல்லை.

பிம்ஐஸில் விலகல் கோரிக்கை கொடுக்கும் படிவம் இருக்கிறது. இலவசம்தான். உங்கள் படமும் அடையாள அட்டையின் நகலும் கேட்பார்கள். அட்டையில் முகத்தைத் தவிர மற்ற விவரங்களைக் கறுப்படித்து அனுப்புங்கள். வெவ்வேறு வயதில், வெவ்வேறு கோணத்தில் எடுத்த படங்களுக்குத் தனித்தனியாகக் கோரிக்கை கொடுப்பது நல்லது. ஆனால் இது தேடல் முடிவிலிருந்து மட்டும்தான் நீக்கும். மூலப் பக்கத்தில் படம் அப்படியே இருக்கும். அதை நீக்க அந்தத் தளத்துக்குத்தான் எழுத வேண்டும்.

அந்தரங்கப் படத்தை எந்த முகத் தேடல் தளத்திலும் ஏற்றிப் பார்க்காதீர்கள். ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை உங்கள் கைபேசியிலேயே படத்துக்கு ஒரு எண் முத்திரையை உருவாக்குகிறது. படம் உங்களிடமே இருக்கும், முத்திரை மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் சமூக ஊடகங்கள் அந்த முத்திரையோடு பொருந்தும் படத்தைக் கண்டறிந்து தடுக்கும். இது 18 வயது நிரம்பியவர்களுக்கு. படம் எடுத்தபோது வயது அதற்குக் குறைவு என்றால் டேக் இட் டவுன் என்ற சேவைக்குப் போங்கள். வேலை செய்யும் முறை ஒன்றுதான், பெயர் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் மூலப் படம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதனால் பயத்தில் அதை அழித்துவிடாமல், முத்திரை எடுத்து முடிக்கும்வரை வைத்திருங்கள்.