நான் கிட்னி தருகிறேன் என்றால் அப்பா ஏன் கோபப்படுகிறார்?

ராயபுரத்தில் டயாலிசிஸில் இருக்கும் அப்பா, மகள் நீங்கள் கிட்னி தருவதாகச் சொன்னால் எரிந்து விழுகிறார் என்கிறீர்கள். வீம்பு இல்லைங்க. வாங்கிக்கொள்பவர்கள் பலருக்குத் தன் ஆபரேஷனைவிடக் கொடுப்பவர் உடம்பைப் பற்றித்தான் பயம், அதுவும் பெற்ற பிள்ளை என்றால் நாளைக்குக் கல்யாணம், பிரசவம் என்று யோசித்தே மறுத்துவிடுவார்கள். வெறும் பயம் என்று தள்ளவும் முடியாது, கிட்னி கொடுத்த பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். அப்புறம், தன் உடம்பு அந்தக் கிட்னியை ஏற்காமல் போனால் 'பிள்ளை கொடுத்ததை வீணாக்கிட்டேனே' என்ற உறுத்தல் வேறு.

இறந்தவரிடமிருந்து எடுப்பதைவிட உயிரோடு இருப்பவர் தரும் கிட்னி சராசரியாக அதிக வருஷம் உழைக்கும், ஆனால் அதை நீங்கள் சொன்னால் எடுபடாது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்து கேளுங்கள். அதுவரை இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போருக்குத் தமிழக உறுப்பு மாற்று ஆணையம் (டிரான்ஸ்டான்) வைத்திருக்கும் பட்டியலில் அவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.