கட்டைக்குரல் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகனுக்குப் பதினான்கு வயது. போன வருஷம் வரை முருகன் கோயிலில் திருப்புகழ் பாடியவன், குரல் உடைந்த பிறகு வாயே திறப்பதில்லை. சொந்தக்காரர்கள் 'கட்டைத்தொண்டை' என்கிறார்கள். பாட்டு வாத்தியாரோ, 'அந்தக் காலத்தில் ஐந்து கட்டையில் பாடினார்கள், நீயும் எட்டிப் பிடி' என்கிறார். கட்டை என்பது பெருமையா, குறையா?

– வாசகி, திருமங்கலம்

அன்புள்ள சகோதரிக்கு,

வாத்தியாரின் கட்டை வேறு, சொந்தக்காரர்களின் கட்டை வேறு. அவர் சொல்வது ஆர்மோனியக் கட்டை. ஒரு கட்டை என்றால் 'சி' சுருதி, ஐந்து கட்டை என்றால் 'ஜி'. எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். கட்டைக்குரல் என்பதோ தாழ்ந்து, கனத்து ஒலிப்பது. அந்தக் குரல் உள்ளவர் குறைந்த கட்டையில்தான் நன்றாகப் பாடுவார். ஐந்து கட்டைக்கு அவரை இழுப்பது கொடுமை.

உச்சக்குரல் மீதான மோகம் நமக்கு நாடக மேடை தந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடித்தவர்கள் சிறுவர்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி ஆள் வரை கேட்க வேண்டும் என்றால் மேலே எடுத்துத்தான் பாட வேண்டும். அப்படிப்பட்ட கம்பெனிகளில் ஒரு பையனுக்கு மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடைவது, வந்தால் அவன் பாட்டே ஆட்டம் கண்டுவிடும். மைக் வந்தும் நம் காது மாறவில்லை. வெண்கலக் குரல் என்று நாம் கொண்டாடிய சீர்காழி கோவிந்தராஜனின் குரலும் மேலே ஏறிக் கணீரென்று நின்ற குரல்தான். தாழ்ந்த குரலுக்குக் 'கட்டை' என்று பெயர் வைத்தோம்; அதையே ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் வசை. (கரகரப்பை இதோடு சேர்க்கக் கூடாது. அது சளியாலும் கத்துவதாலும் வருவது.)

பழந்தமிழ் இசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலை உண்டு. மெலிவுக்கு, அதாவது கீழ்நிலைக்கு, அதற்கான இடம் இருந்தது. மதுரையில் நான்கு குரலில் பாமாலை பாடும் தேவாலயக் குழு எதையாவது கேட்டுப் பாருங்கள். ஆண்களில் மேலே பாடுபவர் டெனர், அடியில் பாடுபவர் பேஸ். இரண்டுக்கும் நடுவில் அமையும் குரல் பாரிடோன். பேஸ் பாட ஆள் இல்லையென்றால் அங்கே பாட்டு அந்தரத்தில் நிற்கும்.

உங்கள் மகனுக்குக் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடித்திருக்கின்றன. நீண்ட நாண் மெதுவாக அதிரும். வளர்ந்த ஆணின் பேச்சுக்குரல் நொடிக்குச் சுமார் 85 முதல் 180 முறைதான் அதிரும். குரல் ஓரிடத்தில் நிலைக்கச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை தொண்டையை இறுக்கி உச்சத்துக்குப் போகவே கூடாது. வலியோ நாள்பட்ட கரகரப்போ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி அவன் அதே திருப்புகழைப் பாடட்டும். ஒரு கட்டையில் தொடங்கட்டும், சிரமமாக இருந்தால் இன்னும் இறக்கட்டும். வாத்தியாரிடம் சுருதியை இறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு வாத்தியாரைப் பாருங்கள்.