தக்காளி, மிளகாய்க்குப் பக்கத்தில் செண்டுமல்லி வைத்தால் பூச்சி வராதா?

வரும். இருந்தாலும் வையுங்கள், ஆனால் எங்கே, எப்போது என்று தெரிந்து வையுங்கள்.

மொட்டைமாடியில் தோட்டம் போட்ட முதல் வருடம், ஒவ்வொரு தக்காளிப் பைக்கும் துணையாக ஒரு செண்டுமல்லித் தொட்டி வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தக்காளி மட்டும் மதிய வெயிலில் துவண்டுகொண்டே போனது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க மணி மணியாக முடிச்சு. நூற்புழு, அதாவது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு! செண்டுமல்லி அதை அடக்குவது வேரில் இருக்கும் ஒரு வேதிப்பொருளால். செண்டுமல்லி ஒரு தொட்டியிலும் தக்காளி வேறு பையிலும் இருந்தால் என்ன பயன்? இப்போதெல்லாம் தக்காளி முடிந்த பையிலேயே மூன்று மாதம் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்த்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த தக்காளி.

காயைத் துளைக்கும் காய்ப்புழு விஷயம் வேறு. அதற்கு செண்டுமல்லி பொறி. தாய் அந்துப்பூச்சி தக்காளியைவிட செண்டுமல்லி மொட்டிலும் பூவிலும்தான் அதிகம் முட்டையிடும். வயலில் 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி நடுவார்கள். செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாள், தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயது. இரண்டும் ஒன்றாகப் பூக்க வேண்டுமே, அதற்குத்தான். அதனால் வீட்டிலும் செண்டுமல்லியை 20 நாள் முன்னதாக விதையுங்கள். மொட்டைக் கிள்ளிப் பார்த்து புழுவை எடுக்காவிட்டால் நீங்களே புழுப் பண்ணை நடத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

மிளகாய்க்கு என் தேர்வு தட்டைப்பயறு. கொடி நுனியில் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான கறுப்பு அசுவினி அப்பிக்கொள்ளும், பார்க்கவே அருவருப்பாக இருக்கும். பிடுங்கிவிடாதீர்கள். அந்தக் கறுப்பு அசுவினி பெரும்பாலும் பயறு வகைச் செடிகளைத்தான் நாடும். அதைத் தின்ன வரும் பொறிவண்டு அங்கேயே முட்டையிட்டு, குட்டிகளோடு பெருகி, மிளகாயில் இருக்கும் பச்சை அசுவினியையும் ஒரு கை பார்க்கும். குட்டி என்றால் வண்டு மாதிரி இருக்காது. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த குட்டி முதலை. "என்னடா இது, புதுசா ஒரு புழு" என்று அம்மா ஒரே காலையில் பத்துப் பதினைந்தை நசுக்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எறும்பு ஏறினால் மட்டும் தடுத்துவிடுங்கள். அசுவினி விடும் தேன் துளிக்காக அது பொறிவண்டை விரட்டும். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தாலும் தட்டைப்பயறை விட்டுவிட்டு மற்றதற்குத் தெளியுங்கள்.