கிராங்க் பக்கம் எதைப் போட்டால் தாங்கும்? கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருஷமாக கிராங்க் (பிஸ்டனின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) கிரைண்டிங், சிலிண்டர் போரிங் வேலை பார்க்கிறேன். ரேஸுக்கு இன்ஜின் கட்டுகிறவர்கள் கேளுங்கள் என்றேன்; பாதிப் பேர் "எந்த கம்பெனி ராடு நல்லது?" என்றே கேட்டிருக்கிறீர்கள். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைப்பதுதான் ராடு. மற்றதை முதலில் முடித்துவிடுவோம்.

வில்லியனூர்: அண்ணே, பழைய எஸ்டீம் இன்ஜின். 8000 ஆர்பிஎம் வரைக்கும் ஓட்டணும். 4340 ஸ்டீல் ஃபோர்ஜிங் ராடு வாங்கியாச்சு. இன்னும் என்ன மாத்தணும்?

ராடு சரி தம்பி, அதோடு வந்த போல்ட் என்ன தரம்? எஸ்டீம் ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. 8000-ல் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டரைத் தாண்டும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் மேலே நின்று திரும்பும் இடம்தான் ஆபத்து. அங்கே அதை எதிர்த்து அமுக்க காஸ் கிடையாது. பிஸ்டன் ராடைப் பிடித்து இழுக்கும். ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்கு. ராடின் அடிப்பக்க மூடியான கேப்பைப் பிடித்துக்கொண்டு அதைத் தாங்குவது இரண்டே போல்ட்.

டார்க் ரெஞ்சு 'டக்' என்றதும் வேலை முடிந்ததாக நினைக்காதீங்க. நாம் போடுகிற முறுக்கில் சுமார் பத்தில் ஒன்பது பங்கை உராய்வே தின்றுவிடும். தடவுகிற எண்ணெய் மாறினால் கணக்கும் மாறும். அதனால் போல்ட் எவ்வளவு நீளுகிறது என்று பார்த்து முறுக்கணும். முறுக்குவதற்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு; எவ்வளவு நீளணும் என்பது போல்ட்டோடு வரும் சீட்டில் இருக்கும். கழற்றியபின் பழைய அளவைவிட 0.025 மி.மீ. கூட நின்றால் தூக்கிப் போடுங்க. பழைய ராடில் புது போல்ட் போட்டாலும் சும்மா விடக்கூடாது. கிராங்க்கைப் பிடிக்கும் பெரிய முனையான பிக் எண்டின் வட்டம் கோணிப்போகும். கேப்பை முறுக்கி வைத்து மறுபடி ஹோன் பண்ணணும், அதாவது உள்வட்டத்தைத் தேய்த்துச் சரியாக்கணும்.

அதே தம்பி: பேரிங்கை கொஞ்சம் லூசா விட்டா ஃப்ரீயா சுத்தும்னு சொல்றாங்களே?

சொல்கிறவர் இன்ஜினில் செய்து பார்க்கட்டும். ஜர்னல் (பேரிங்குக்குள் சுற்றும் கிராங்க்கின் உருண்டைப் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய கணக்கு: 42 மி.மீ. ஜர்னலுக்கு 0.042 மி.மீ. ரேஸ் என்றால் அதற்குமேல் ஒரு துளி சேர்க்கலாம். ரொம்ப விட்டால் ஆயில் பக்கவாட்டில் வழிந்து பிரஷர் இறங்கும். துளையின் உள்விட்டம் பார்க்கும் போர் கேஜ் வைத்து அளந்தால்தான் எனக்குத் திருப்தி. நசுங்கின அகலத்தை வைத்து இடைவெளி சொல்லும் பிளாஸ்டிகேஜ் நூலை சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்க.

நம்ம ஊர் உப்புக்காற்றையும் மறக்காதீங்க. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கிராங்க்கை எண்ணெய் தடவாமல் வைத்துவிட்டேன். காலையில் ஜர்னல் முழுக்க பழுப்புப் புள்ளி. மறுபடி பாலிஷ் போட்டு என் கைக்காசுதான் போனது.

திருப்பாதிரிப்புலியூர்: புதுப்பேட்டையில செகண்ட் ஹேண்ட் கிராங்க் ஒண்ணு மலிவா வருது. வாங்கலாமா?

முதலில் காந்தத்தால் விரிசலைக் கண்டுபிடிக்கும் மேக்னட் கிராக் டெஸ்ட். அடுத்து, ஜர்னல் முடிந்து வெப் (ஜர்னல்களை இணைக்கும் பக்கத் தகடு) ஆரம்பிக்கிற மூலையில் நகத்தை ஓட்டிப் பாருங்க. வளைவு இல்லாமல் கத்தி வெட்டின மாதிரி இருந்தால் யாரோ மோசமாக கிரைண்டிங் பண்ணியிருக்கிறார். உடைவதென்றால் அங்கேதான் உடையும். நைட்ரைடிங் செய்த, அதாவது நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கெட்டியாக்கின கிராங்க் என்றால் இன்னொன்று: மேலே இருக்கும் கெட்டித் தோல் ரொம்ப மெல்லிசு. ஜர்னலைத் தேய்த்து அண்டர்சைஸுக்கு இறக்கினால் அது போய்விடும், மறுபடி நைட்ரைடிங் போடணும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தால் மலிவு மலிவாக இருக்காது.

நெய்வேலி: அண்ணா, பழைய புல்லட் 350. 7000 ஆர்பிஎம்?

வேண்டாம். ஸ்ட்ரோக் 90 மி.மீ. 5500-ல் பிஸ்டன் வேகம் 16.5 மீட்டர், 7000-ல் 21. இழுப்பு அறுபது சதவீதத்துக்கு மேல் கூடும். அந்த வண்டிக்கு அழகே மெதுவாக அடிக்கும் அடிதான்.

புதுச்சேரி, இன்ஜினியரிங் மாணவி: சார், ஃபார்முலா ஸ்டூடண்ட் காருக்கு கேடிஎம் 390 இன்ஜின் எடுத்திருக்கோம். ஹெச்-பீம் ராடா, ஐ-பீம் ராடா?

எதுவும் வேண்டாம்மா, கம்பெனி ராடே இருக்கட்டும். மாணவர் ரேஸ் போட்டி விதிப்படி, காற்றைக் குறைக்கும் 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் வழியாகத்தானே மூச்சு விடப்போகிறது! உங்கள் கவலை ஆயில்தான். பைக் வளைவில் சாயும், ஆயில் அடியிலேயே நிற்கும். கார் சாயாது, ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் கருகும். ராடுக்கு ஒதுக்கின பணத்தில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வையுங்கள்.

பாகூர்: ஆர்எக்ஸ் 100-க்கு புது ராடு கிட் போட்டும் ஹேண்டில் அதிருது அண்ணே.

அது அழுத்திச் சேர்த்த கிராங்க். கிட் நல்லதாக இருந்தும் பிரஸ் பண்ணினவர் நேர் பார்க்காமல் விட்டிருப்பார். இரண்டு முனையிலும் டயல் கேஜ் வையுங்க. 0.03 மி.மீ.-க்கு மேல் ஆடினால் நான் வண்டியில் ஏற்றமாட்டேன்.

அரியாங்குப்பம்: ஃபோர்ஜிங் பிஸ்டன் காலையில டக் டக்னு தட்டுது.

2618 அலுமினிய அலாய் என்றால் தட்டும். சிலிக்கான் குறைவு, சூட்டில் அதிகம் விரியும், அதற்கு இடம் விட்டுத்தான் சிலிண்டர் போர் போட்டிருப்பார்கள். சூடானதும் நின்றால் விட்டுவிடுங்க.

மறுபடி வில்லியனூர்: கடைசி வரைக்கும் கம்பெனி பேர் சொல்லலையே அண்ணே!

வாங்கின ராடைப் பெட்டியோடு எடுத்து வா தம்பி, நாலையும் அளந்து, எடை போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியத்துக்குள் வந்துவிடு.