காட்டுப் பாதைக்குப் பழைய மலை சைக்கிள்: கேள்வி பதில்

கேள்வி: 20,000 ரூபாய்க்கு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள பழைய வண்டி ஒன்று வருகிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு வருவதில் பின் ஷாக்கும், பின் ஃபிரேம் மடங்கும் மூட்டிலுள்ள பிவட் பேரிங்கும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். சரிபண்ணும் செலவு வாங்கிய விலையை எட்டிப் பிடிக்கும். மூட்டை கட்டவும் இடம் குறைவு. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் பாருங்கள். 26 அங்குலச் சக்கரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் நல்ல டயருக்கு அலையவேண்டும். 27.5 அல்லது 29 நல்லது.

கேள்வி: நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்கணும் சார்?

பதில்: முதலில் வண்டியைக் கவிழ்த்துப் போடுங்கள். பெரும்பாலும் பெடல் சுற்றும் கிராங்க் அச்சுக்கு அடியில் ஃபிரேம் எண் பொறித்திருக்கும். அதைச் சுரண்டியிருந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் வெல்டில் மயிரிழைக் கோடு தெரிந்தாலும் அதே முடிவுதான்.

பிறகு முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான ஹெட்செட்டில் ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் இறுக்கினால் போதும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் காலுக்குள் ஆட்டம் என்றால் உள்ளே குழாய் வழுக்கும் புஷ் போய்விட்டது, செலவு பெரிசு. ஃபோர்க்கின் மேல் குழாயை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கும் கீறல் இருந்தால் அது ஆயில் சீலைத் தின்னும்.

செயினை ஸ்கேல் வைத்து அளக்கலாம். புதிதில் 24 பின் இடைவெளி சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றவேண்டும். 1/8 நீண்டிருந்தால் பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டும் போயிருக்கும். இரண்டையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் சீமைக் கருவேல முள்தான் எமன். டியூப்லெஸ் போட்டால் தீருமா?

பதில்: பெருமளவு தீரும், ரிம்மும் டயரும் அதற்கேற்றவையாக இருந்தால். 29 அங்குல டயர் ஒன்றுக்கு ஓட்டையைத் தானே அடைக்கும் திரவமான சீலன்ட் 100 மில்லி ஊற்றுங்கள். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். வால்வின் உள் பகுதியான வால்வ் கோரைக் கழற்றி மெல்லிய குச்சி விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டாவிட்டால் மறுபடி ஊற்றவேண்டும். பெரிய ஓட்டைக்கு உதவ டியூப் ஒன்று பையில் இருக்கட்டும். ஆனால் மாட்டும் முன் டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் துடையுங்கள். சீலன்ட் அடைத்ததால் நமக்குத் தெரியாமலே தங்கிய முள்ளெல்லாம் அங்கேதான் இருக்கும், புது டியூபை ஐந்தே நிமிடத்தில் குத்தும்.

கேள்வி: கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்தில் டிஸ்க் பிரேக் தாங்குமா?

பதில்: வழி நெடுக லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி வழுக்கும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விடுங்கள். ஷிமானோ கம்பெனி பிரேக்கின் ரோட்டர் (பிரேக் பிடிக்கும் தட்டு) 1.5 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்றவேண்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில்; டாட் (DOT) என்ற வேறு வகை பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊதிக் கெடும்.

கேள்வி: இரண்டு நாள் போய்வர என்ன உதிரி எடுக்கணும்?

பதில்: எல்லாருக்கும் மறப்பது பின் கியரை மாற்றும் டிரெயிலியர் (derailleur) தொங்கும் ஹேங்கர். வண்டி ஒரு பக்கமாக விழுந்தாலே வளையும். ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும் என்பதால் ஊர்க் கடையில் கிடைக்காது. வண்டி வாங்கியதுமே ஒன்று வரவழைத்துவிடுங்கள். கூடவே அலென் கீ, செயின் கட்டர், அறுந்த செயினை இணைக்க உங்கள் கியருக்கேற்ற க்விக் லிங்க் இரண்டு, பிரேக் பேட் ஒரு ஜோடி, பம்ப், பேட்ச், டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு. கனமானதை ஃபிரேம் பையில் வையுங்கள், துணிமணி சீட் பைக்குப் போகட்டும்.

கேள்வி: வனத்துறை அனுமதி?

பதில்: காப்புக்காடு என்றால் கட்டாயம் வேண்டும். ரேஞ்சர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். யானை நடமாடும் பாதையில் அந்தி சாய்ந்தபின் ஓட்டவே கூடாது.